செயற்கைக்கோள் படத்தில் ஏரி சுருங்கித் தெரிகிறதா? முடிவு சொல்வதற்கு முன் சோதிக்கும் வழி

கோடை வந்தாலே இந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். இடது பக்கம் நீலமாக ஒரு ஏரி, வலது பக்கம் அதே ஏரி பழுப்பு நிறத்தில், கீழே இரண்டு வருடங்கள். 2019-இல் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது புழல் ஏரியின் படங்கள் அப்படித்தான் உலகம் முழுக்கப் போயின. அவை பொய் இல்லை, ஏரி உண்மையிலேயே வற்றித்தான் கிடந்தது. ஆனால் அதற்கப்புறம் ஆளாளுக்குத் தங்கள் ஊர் ஏரிக்கும் இரண்டு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, "ஏரி பாதியாகிவிட்டது, எல்லாம் ஆக்கிரமிப்பு" என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதில் சில உண்மை. பல, தேதியை மட்டும் மாற்றிப் பார்த்தால் தலைகீழாகிவிடும்.

இது எனக்குப் பெரிய கவலை. நிஜமாகவே ஆக்கிரமிப்பு நடந்திருக்கிற ஒரு ஏரிக்காக மனு கொடுக்கப் போனவர், "இது மே மாதத்துப் படம்தானே?" என்று எதிரே இருப்பவர் கேட்டதும் பதில் இல்லாமல் நின்றுவிட்டால், அந்த ஏரிக்காக அடுத்து யார் போய்ப் பேசினாலும் எடுபடாது. அதனால் நம் முடிவை அடுத்தவர் உடைப்பதற்கு முன் நாமே உடைத்துப் பார்த்துவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கவும் கணக்கிடவும் உதவும் கோப்பர்னிகஸ் பிரவுசர், கூகுள் எர்த் எஞ்சின், கியூஜிஐஎஸ் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன, எந்தப் பட்டனை அழுத்துவது என்பதற்கு வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லித்தருவதுதான் குறைவு.

முதலில் வாக்கியத்தை எழுதுங்கள், படத்தை அப்புறம் திறங்கள்

"ஏரி சுருங்கிவிட்டது" என்பது சோதிக்கக்கூடிய வாக்கியமே இல்லை. அதற்குள் குறைந்தது மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, நீர்ப்பரப்பு, அதாவது ஒரு குறிப்பிட்ட நாளில் தண்ணீர் நிற்கும் இடம். இரண்டு, ஏரியின் எல்லை, அதாவது வருவாய்த் துறை ஆவணத்தில் ஏரிப் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும் நிலம். மூன்று, கொள்ளளவு. செயற்கைக்கோள் படம் நேரடியாகக் காட்டுவது முதலாவதை மட்டும்தான். ஏரி எல்லைக்குள் நாலு வீடு வந்திருந்தாலும், நல்ல மழை வருடத்தில் நீர்ப்பரப்பு பெரிதாகத் தெரியலாம். ஒரு அடி வண்டல் படிந்து கொள்ளளவு கணிசமாகக் குறைந்திருந்தாலும் மேலேயிருந்து பார்த்தால் அதே நீலம்தான்.

எனவே படத்தைத் திறக்கும் முன் ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: "மழை ஏறக்குறைய ஒரே அளவு பெய்த வருடங்களை எடுத்துக்கொண்டால், வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் இந்த ஏரியின் அதிகபட்ச நீர்ப்பரப்பு 2000-களில் இருந்ததைவிட இப்போது குறைவு." நீளமான வாக்கியம்தான், ஆனால் இதைச் சரி, தவறு என்று சோதிக்க முடியும். அதற்குக் கீழேயே இன்னொரு வரி: "எதைப் பார்த்தால் இது தவறு என்று ஒத்துக்கொள்வேன்?" இந்த இரண்டாவது வரியை முன்கூட்டியே எழுதி வைப்பது ரொம்ப முக்கியம், ஏனென்றால் படத்தைப் பார்த்த பிறகு நம் மனசு தனக்குப் பிடித்த விளக்கத்தைத்தான் தேடிப் பிடிக்கும், படித்தவர் படிக்காதவர் என்ற வித்தியாசமெல்லாம் அதற்குக் கிடையாது.

இரண்டு தேதி போதாது

நம் ஏரிகள் வற்றுவதற்காகவே கட்டப்பட்டவை. மழையில் நிரம்பி, மதகு வழியாக வயலுக்குப் போய், கோடையில் தரை தெரிந்து, மாடு மேய்ந்து, மறுபடி நிரம்புவதுதான் அவற்றின் இயல்பான வருடம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் வந்துவிடுகிறது. ஆகவே ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் அது பருவத்தை ஒப்பிடுவது, ஏரியை ஒப்பிட்டதாகாது.

"சரி, நான் இரண்டு வருடத்திலும் ஜனவரியைத்தான் எடுத்தேன்" என்பீர்கள். அதுவும் போதாது. 2015 நவம்பர், டிசம்பரில் சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் வெள்ளம் மூழ்கடித்தது. அதற்கு அடுத்த வருடம், 2016-இல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. இப்போது 2016 ஜனவரியையும் 2017 ஜனவரியையும் ஒப்பிட்டால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரி எதை எடுத்தாலும் ஒரே வருடத்தில் காணாமல் போனதுபோல இருக்கும். வரிசையை மாற்றி 2005 ஜனவரியையும் 2016 ஜனவரியையும் ஒப்பிட்டால் "ஏரி நன்றாகத்தானே இருக்கிறது" என்று எதிர்த்தரப்பு சொல்லும். தேதியைத் தேர்ந்தெடுப்பவர் கையில்தான் முடிவும் இருக்கிறது.

இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, கிடைக்கிற எல்லா வருடங்களையும் எடுப்பது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 30 மீட்டர் துல்லியத்தில் 1980-களின் நடுப்பகுதியிலிருந்தே இருக்கின்றன, 2008 முதல் அந்தக் கிடங்கு முழுவதும் இலவசம். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் கிடைக்கும் தெளிவான படங்களில் அதிகபட்ச நீர்ப்பரப்பைக் கணக்கிட்டு, பக்கத்திலேயே அந்த வருடத்து மழை அளவையும் எழுதி, ஒரு வரைபடமாகப் போடுங்கள். மழையோடு சேர்ந்து ஏறி இறங்கினால் ஏரி ஏரியாகத்தான் இருக்கிறது. நல்ல மழை பெய்த வருடங்களிலும் பழைய உச்சத்தைத் தொட முடியாமல் படிப்படியாகக் கீழேயே நின்றால், அப்போது பேச ஏதோ இருக்கிறது.

புழல் மாதிரி குடிநீர் ஏரிகளுக்கு இதுவும் முழுசாகப் பொருந்தாது. அங்கே மழை மட்டும் தண்ணீரைத் தீர்மானிப்பதில்லை. கிருஷ்ணா தண்ணீர் எவ்வளவு வந்தது, நகரத்துக்கு எவ்வளவு எடுத்தார்கள் என்பதும் சேர்ந்துதான் நீர்ப்பரப்பு.

கேமரா மாறியதா, ஏரி மாறியதா

பழைய படம் லேண்ட்சாட், புதிய படம் ஐரோப்பாவின் சென்டினல்-2 என்று எடுப்பது எல்லோரும் செய்வது, நானும் செய்திருக்கிறேன். லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர், 900 சதுர மீட்டர். சென்டினல்-2-இல் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு பேண்டுகளில் (ஒளிப் பட்டைகளில்) ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர். ஐந்து ஹெக்டேர் உள்ள ஒரு சின்னத் தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். சதுரமாக இருப்பதாக வைத்துக்கொண்டால் லேண்ட்சாட்டில் அது மொத்தமே 55 பிக்சல், அதில் ஏறக்குறைய 26 விளிம்பில் இருக்கும், அதாவது பாதி நீர் பாதி கரை என்று கலந்து கிடக்கும். அந்த விளிம்புப் பிக்சல்களில் பாதியை நீங்கள் தப்பாக எண்ணினாலே ஏரியில் கிட்டத்தட்டக் கால்பங்கு காணாமல் போகும், அல்லது கூடிவிடும். அதே தாங்கல் சென்டினலில் 500 பிக்சல், விளிம்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். ஆகவே நூறு ஹெக்டேர் ஏரிக்குச் சரியாக வரும் முறை ஊருணிக்கு வராது. இரண்டு செயற்கைக்கோள்களை ஒப்பிட்டே ஆக வேண்டுமானால் சென்டினல் படத்தையும் 30 மீட்டருக்குக் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள். சில வருடங்களில் இரண்டுமே இருக்கும், அந்த வருடங்களில் இரண்டும் ஒரே பதிலைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

லேண்ட்சாட்-7 பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். 2003 மே 31 அன்று அதன் ஸ்கேன் வரியைச் சரிசெய்யும் கருவி பழுதாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் ஏறக்குறைய 22 சதவீதம் கோடுகோடாகக் காலியாக இருக்கும். காலிப் பிக்சலை "நீர் இல்லை" என்று கணக்கில் சேர்த்தால் 2003-க்குப் பிறகு தமிழ்நாட்டு ஏரிகள் எல்லாமே சுருங்கிவிடும்.

இன்னொரு பொறி இருக்கிறது, அதில் நிறைய மாணவர்கள் விழுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 தரவைத் தயாரிக்கும் முறையை மாற்றினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பிக்சல் எண்ணிலும் 1000 கூட்டப்பட்டு வருகிறது, பயன்படுத்துபவர் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழிக்காவிட்டால் என்ன ஆகும்? பச்சையாக இருக்கும் ஒரு வயலில் சிவப்பு 500, அகச்சிவப்பு 3000 என்று வைத்துக்கொள்வோம். என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீடு, அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. 2500-ஐ 3500-ஆல் வகுத்தால் 0.71. இரண்டிலும் 1000 சேர்த்துவிட்டால் மேலே அதே 2500, கீழே 5500, விடை 0.45. வயல் அப்படியே இருக்கிறது, வரைபடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடிவிட்டது. தண்ணீருக்கும் இதே கதைதான். நீர்க் குறியீடு என்பது பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. அதில் பச்சை 800, அகச்சிவப்பு 400 என்றால் 0.33 வரும். ஆயிரம் சேர்ந்தால் 0.13. "0.2-க்கு மேல் இருந்தால் நீர்" என்று வரம்பு வைத்திருந்தீர்கள் என்றால் 2022 ஜனவரிக் கடைசியில் உங்கள் ஏரி ஒரே நாளில் மாயமாகிவிடும். எர்த் எஞ்சினில் ஹார்மனைஸ்டு என்ற பெயரோடு வரும் தொகுப்பில் இதைச் சரிசெய்தே கொடுக்கிறார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாகவே, வரைகோட்டில் திடீர் படிக்கட்டு தெரிந்தால் உடனே ஊரில் என்ன நடந்தது என்று தேடாதீர்கள், அந்தத் தேதியில் கருவியிலோ தரவிலோ என்ன நடந்தது என்று முதலில் தேடுங்கள்.

அதே நிறத்தை வேறு எது கொடுக்கும்?

இந்த ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதித் தவறுகள் போய்விடும். செயற்கைக்கோளுக்கு ஏரி தெரியாது, மரம் தெரியாது, வீடும் தெரியாது. ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் எவ்வளவு ஒளி திரும்பி வந்தது என்ற எண் மட்டும்தான் அதனிடம் இருக்கிறது. பெயர் வைப்பது நாம்.

சில வருடங்களுக்கு முன் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பருவமழை முடிந்த படத்தில் தென்மேற்கு மூலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு "நிலம்" என்று வந்தது, என்.டி.வி.ஐ.யும் அங்கே உயர்வாக இருந்தது, பக்கத்திலேயே ஒரு மனைப் பிரிவும் இருந்தது. எனக்குள் கதை தயாராகிவிட்டது: ஏரியைத் தூர்த்துவிட்டார்கள், புதர் முளைத்துவிட்டது. ஊர்க் கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் காட்டினேன். அந்த ஏரிக்குப் பல வருடம் மடை திறந்துவிட்ட பெரியவர் ஒருவர் எழுந்து, "அது ஆகாயத்தாமரைங்க தம்பி, காத்து மாறுனா எதிர்க்கரைக்குப் போயிடும்" என்றார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன், அப்படியே இருந்தது, அடியில் ஆளாழத்துக்குத் தண்ணீர். வீட்டுக்கு வந்து அதே இரண்டு மாதத்துப் படங்கள் எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தபோது அந்தப் பச்சைத் திட்டு ஒரு படத்தில் மேற்கே, இன்னொன்றில் வடக்கே என்று நகர்ந்துகொண்டிருந்தது. நிலம் நகராது. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, அதைச் செய்யாமல் ஒரு ஊர் முன்னால் நின்று பேசியதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

ஆகவே பச்சையாகத் தெரிந்தால் ஒரு படத்தை வைத்து முடிவு செய்யாமல் ஒரு முழு வருடத்தின் வரைகோட்டைப் பாருங்கள். ஆகாயத்தாமரை நகரும், தண்ணீர் இருக்கும்வரை பச்சையாக இருக்கும். ஏரி உள்வாயில் யாராவது பயிர் வைத்திருந்தால் ஏறி, உச்சம் தொட்டு, அறுவடையில் சட்டென்று விழும். சீமைக் கருவேலம் மே மாத வெயிலிலும் பச்சை மாறாமல் நிற்கும், சுற்றியிருக்கும் எல்லாம் காய்ந்து கிடக்க அது மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். வெறும் கோரையும் புல்லும் மழைக்கு வந்து மழையோடு போய்விடும்.

தண்ணீர் மாதிரித் தெரிவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பச்சையையும் அகச்சிவப்பையும் வைத்துச் செய்யும் நீர்க் குறியீடு 1996-இல் வந்தது. அதில் கட்டடங்களும் சில இடங்களில் நீர் என்று விழுந்ததால்தான் 2006-இல் அகச்சிவப்புக்குப் பதிலாகக் குறுஅலை அகச்சிவப்பை வைத்து மாற்றியமைத்தார்கள். மாடிக் கட்டடத்தின் நிழல், மலை நிழல், கருப்புத் தார்ச்சாலை இவையெல்லாம் நீர் வேஷம் போடும். எதிர்ப்பக்கமாக, முதல் வெள்ளத்தில் செம்மண் கரைந்து வரும் கலங்கிய தண்ணீர் நிஜமாகவே தண்ணீராக இருந்தும் குறியீட்டில் வரம்புக்குக் கீழே போய்விடலாம். கழிவுநீர் கலந்து பாசி படிந்த ஏரி பயிர் மாதிரித் தெரியும்.

இதே கேள்வியைப் பெரிய அறிக்கைகளிடமும் கேட்கலாம், கேட்க வேண்டும். "காடு கூடியிருக்கிறது" என்று செய்தி வந்தால் காடு என்று எதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். இந்திய வன அளவை நிறுவனத்தின் வரையறையில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் மரக் கிளைகளின் மூட்டம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது வனப்பரப்பு, நிலம் யாருடையது, மரம் என்ன வகை என்பது கணக்கில் வராது. தோப்பும் அதில் சேரும். அவர்கள் அதை ஒளிக்கவில்லை, அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள், படிக்காமல் "சோலைக்காடு கூடிவிட்டது" என்று நாம் புரிந்துகொண்டால் தவறு நம் பக்கம்.

மேகம், ரேடார், துருத்திக்கொண்டு நிற்கும் எண்

ஏரி நிரம்புகிற நாட்களில்தான் வானத்தில் மேகம் இருக்கும். சாதாரணக் கேமரா மேகத்தைத் தாண்டிப் பார்க்காது. ஆகவே மேகமில்லாத படங்களை மட்டும் சேர்த்துச் சராசரி எடுத்தால், மழை இல்லாத நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்த சராசரி அது. எத்தனை படங்கள் கிடைத்தன, எந்தெந்தத் தேதி என்று எப்போதும் கூடவே எழுதுங்கள். ஒரு வருடத்தில் பன்னிரண்டு படம், இன்னொரு வருடத்தில் இரண்டே படம் என்றால் அந்த இரண்டு வருடத்து "அதிகபட்சம்" ஒரே பொருள் தராது.

இந்த இடத்தில் சென்டினல்-1 ரேடார் கைகொடுக்கும், அதற்கு மேகமும் இருட்டும் தடையில்லை, 2014-இலிருந்து படங்கள் இருக்கின்றன. அமைதியான தண்ணீர் ரேடாரில் கருப்பாகத் தெரியும். ஆனால் காற்றில் அலையடிக்கும் தண்ணீர் வெளிச்சமாகிவிடும், மழமழப்பான காய்ந்த மணலும் விமான ஓடுதளமும் கருப்பாகிவிடும், செடிகளுக்கு நடுவே நிற்கும் வெள்ளம் சில சமயம் சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்று வரும். அதனால் ரேடாரையும் கேமராவையும் தனித்தனிச் சாட்சிகளாக வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடத்தில்தான் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

எல்லா எண்ணும் ஒழுங்காக இருக்க ஒன்று மட்டும் விலகி நின்றால் அதை அழித்துவிடத் தோன்றும். அப்போது ஓசோன் ஓட்டையின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டார்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்தில் தரையில் வைத்த கருவியால் ஆண்டுக்கணக்காக அளந்துவந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும், அங்கே வசந்த காலத்தில் ஓசோன் வேகமாகக் குறைந்துவருவதை 1985-இல் வெளியிட்டார்கள். அதே இடத்துக்கு மேலே 1978-இலிருந்து நிம்பஸ்-7 செயற்கைக்கோள் ஓசோனை அளந்துகொண்டுதான் இருந்தது. ஓசோனை அளக்கும் டாப்ஸன் அலகில் 180-க்குக் கீழே வந்த அளவுகள் அதன் தரவு முறையில் "சந்தேகத்துக்குரியவை" என்று குறியிடப்பட்டிருந்தன, ஏனென்றால் அவ்வளவு குறைவாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தரவு இருந்தது, நல்லவேளை அழிந்துபோகவில்லை, அதனால்தான் பிறகு முழுக் கண்டத்துக்கும் வரைபடம் போட முடிந்தது. விலகி நிற்கும் எண்ணை அழிக்காதீர்கள், நம்பிவிடவும் வேண்டாம், தனியாக எடுத்து வைத்துக் காரணம் தேடுங்கள்.

"95 சதவீதம் துல்லியம்" என்று யாராவது சொன்னால்

ஒரு வட்டத்தில் (தாலுகாவில்) 5 சதவீதம்தான் நீர்ப்பரப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துச் சரிபார்த்தால் ஏறக்குறைய ஐம்பது இடம் நீர், மீதி நிலம். "இந்த வட்டத்தில் தண்ணீரே இல்லை" என்று ஒரு வரைபடம் சொன்னாலும் 950 இடங்களில் அது சரி, துல்லியம் 95 சதவீதம்! ஆகவே மொத்தத் துல்லியத்தைக் கேட்காமல் இரண்டு தனிக் கேள்விகளைக் கேளுங்கள். உண்மையில் தண்ணீராக இருந்த இடங்களில் எத்தனையை வரைபடம் பிடித்தது? வரைபடம் தண்ணீர் என்று சொன்ன இடங்களில் எத்தனை உண்மையில் தண்ணீர்? இந்த இரண்டும் இல்லாத அறிக்கையை நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிப்பேன்.

கூடவே வரம்பையும் ஆட்டிப் பாருங்கள். 0-க்கு மேல் நீர் என்று வைத்தால் என்ன வருகிறது, 0.1 வைத்தால் என்ன, மைனஸ் 0.1 வைத்தால் என்ன? மூன்றிலும் ஏரி குறைகிறது என்றால் தைரியமாக அடுத்த படிக்குப் போங்கள். ஒன்றில் குறைந்து இன்னொன்றில் கூடினால், அந்த முடிவைக் கொடுத்தது ஏரி இல்லை, நீங்கள் வைத்த எண். அப்புறம், சரிபார்ப்பதற்குக் கூகுள் எர்த்தைப் பயன்படுத்துபவர்கள் அங்கே உள்ள படத்தின் தேதியைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் படம் ஜனவரி, அது ஆகஸ்ட் என்றால் சரிபார்ப்பே பிழை.

காரணம் சொல்வதற்கு முன் பக்கத்து ஏரியைப் பாருங்கள்

இவ்வளவையும் தாண்டி ஏரி உண்மையிலேயே குறைந்திருக்கிறது என்று உறுதியானாலும், ஏன் என்பது தனிக் கேள்வி. 2005-க்குப் பிறகு வீடுகள் கூடின, ஏரி குறைந்தது, ஆகவே வீடுகள்தான் காரணம் என்று எழுதுவது சுலபம். ஆனால் வேறு எதெல்லாம் காரணமாக இருக்கலாம் என்று ஒரு பட்டியல் போடுங்கள்: மழை குறைந்திருக்கலாம். வரத்துக் கால்வாயை நடுவில் சாலை வெட்டியிருக்கலாம், அல்லது அது தூர்ந்துபோயிருக்கலாம். கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம், உடைந்து தண்ணீர் நிற்காமல் ஓடலாம். மதகின் கதவு பழுதாகி எப்போதும் கசியலாம். மேலே உள்ள ஏரியில் தண்ணீரை நிறுத்தியிருக்கலாம். கரையை ஒட்டி மண் எடுத்ததில் ஏரி ஆழமாகி, அதே அளவு தண்ணீர் குறைந்த பரப்பில் நிற்கலாம். இதில் கடைசியைக் கவனியுங்கள், அங்கே நீர்ப்பரப்பு குறைந்தும் தண்ணீர் குறையவில்லை.

இவற்றைப் பிரித்தறிய நம் முன்னோர்கள் ஒரு வசதி செய்து வைத்திருக்கிறார்கள். ஏரிகள் தனித்தனியாக இல்லை, சங்கிலியாக இருக்கின்றன, ஒன்றின் கலங்கல் தண்ணீர் அடுத்ததற்கு வரத்து. எனவே உங்கள் ஏரியோடு அதே சங்கிலியில் மேலே இரண்டு, கீழே இரண்டு, கொஞ்சம் தள்ளி வேறு சங்கிலியில் இரண்டு என்று எடுத்து அதே கணக்கைப் போடுங்கள். எல்லாமே ஒரே மாதிரி குறைந்திருந்தால் மழையைச் சந்தேகியுங்கள், அல்லது உங்கள் கணக்கையே சந்தேகியுங்கள். மேலே உள்ளவை நிரம்பி, உங்களுடையதும் கீழே உள்ளவையும் மட்டும் குறைந்திருந்தால் இடையில் உள்ள கால்வாயைப் போய்ப் பாருங்கள். உங்களுடையது மட்டும் தனியாகக் குறைந்திருந்தால் காரணம் அந்த ஏரிக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். ஆக்கிரமிப்பு என்றால் இன்னொரு தடயமும் இருக்க வேண்டும்: நீர்ப்பரப்பு இழந்த இடமும் கட்டடம் வந்த இடமும் ஒரே மூலையில் இருக்க வேண்டும், கட்டடம் வந்த பிறகோ அதற்குச் சற்று முன்போதான் அந்த மூலையில் தண்ணீர் நிற்பது நின்றிருக்க வேண்டும். கிழக்கே கட்டடம், மேற்கே இழப்பு என்றால் உங்கள் கதையில் ஓட்டை இருக்கிறது.

வருவாய்த் துறையின் கிராமப் புலப்படமும் அ-பதிவேடும் இந்த இடத்தில் படத்தைவிட வலுவானவை, எல்லை என்ன என்பதை அவைதான் சொல்லும். ஆனால் பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்து படத்தின்மேல் பொருத்தும்போது பத்து இருபது மீட்டர் நகர்ந்து உட்காருவது சகஜம். கோயில், பழைய கிணறு, சாலைச் சந்திப்பு என்று மாறாத இடங்கள் சிலவற்றில் பொருத்தம் எவ்வளவு விலகுகிறது என்று அளந்துவிட்டு, அந்த விலகலைவிடச் சிறிய ஆக்கிரமிப்பைப் படத்தை வைத்துச் சொல்லாதீர்கள். ஒரு குடும்பத்தின் வீட்டைப் பற்றிய விஷயம் அது.

கரையில் ஏறி நில்லுங்கள்

போகும்போது செல்போனில் இடக்குறியீட்டோடு படம் எடுங்கள், திறந்த வெளியிலும் அதில் சில மீட்டர் பிழை இருக்கும். முடிந்தால் செயற்கைக்கோள் அந்த ஊரைக் கடக்கும் அதே நாளில் போங்கள், அப்போதுதான் நீங்கள் பார்த்ததும் அது பார்த்ததும் ஒன்று. கலங்கல், மதகு, வரத்துக் கால்வாய் மூன்றையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். கலங்கல் கல்லில் பழைய நீர்மட்டத்தின் கறை தெரியும்.

நீர்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், அந்த வேலை பார்த்தவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். "ஏரி சுருங்கிடுச்சுல்ல?" என்று கேட்காதீர்கள், "ஆமாங்க" என்றுதான் பதில் வரும், வந்தவர் மனசு நோகக்கூடாது என்பது நம் ஊர்ப் பண்பு. "கடைசியா எந்த வருஷம் கலங்கல் போச்சு? அப்ப தண்ணி எந்த மரம் வரைக்கும் நின்னுச்சு? அதுக்கு முன்னாடி எந்த வருஷம்?" என்று கேளுங்கள். பதில்களைக் குறித்துக்கொண்டு உங்கள் வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். கலங்கல் போனதாக அவர் சொல்லும் வருடத்தில் உங்கள் கணக்கு ஏரியைப் பாதி காலி என்று காட்டினால், அந்த வருடம் மேகத்தில் எதையோ தவறவிட்டிருக்கிறீர்கள். நினைவும் தவறும்தான், அதனால் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள், ஆடு மேய்ப்பவரிடமும் மீன் குத்தகை எடுத்தவரிடமும் கேளுங்கள், அவர்களுக்கு ஏரி வேறு மாதிரி தெரியும்.

ஏரி தவிர மற்ற வரைபடங்களுக்கும் இதே வழிதான். சென்னையின் வெப்ப வரைபடத்தில் 45 டிகிரி என்று இருந்தால் அது கூரையின், தரையின் வெப்பம், நாம் உணரும் காற்றின் வெப்பம் வேறு. அதுவும் லேண்ட்சாட் கடக்கும் காலை பத்து, பத்தரை மணிக்கு அளந்தது. சென்டினல்-5பி காட்டும் நைட்ரஜன் டை ஆக்சைடு தரையிலிருந்து மேல்வரை உள்ள காற்றுத் தூணின் மொத்தம், உங்கள் தெருவில் மூக்குக்கு வருவது இல்லை. நிலத்தடி நீரை ஈர்ப்புவிசை கொண்டு அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் பரப்பைத்தான் ஒன்றாகப் பார்க்கும், அதை வைத்து ஒரு வட்டத்தின் கிணறுகளைப் பற்றிப் பேசக்கூடாது.

எழுதும்போது

பார்த்ததை ஒரு வரியாகவும், அதிலிருந்து ஊகித்ததை அடுத்த வரியாகவும் பிரித்து எழுதுங்கள். உதாரணத்துக்கு, எண்கள் சும்மா வைத்தவை: "நல்ல மழை பெய்த ஆறு வருடங்களை ஒப்பிட்டதில் அதிகபட்ச நீர்ப்பரப்பு 80 ஹெக்டேரிலிருந்து 62 முதல் 68 ஹெக்டேருக்குக் குறைந்திருக்கிறது. இழப்பு பெரும்பாலும் வடகிழக்கு மூலையில். அதே சங்கிலியில் உள்ள மற்ற நான்கு ஏரிகளில் இப்படிக் குறையவில்லை. வடகிழக்கு மூலையில் மண் கொட்டி மேடாக்கியிருப்பதை இந்தத் தேதியில் நேரில் பார்த்தோம். கொள்ளளவு பற்றி இந்தப் படங்களால் எதுவும் சொல்ல முடியாது." ஒரே எண்ணைச் சொல்லாமல் 62 முதல் 68 என்று எழுதினால் வாதம் பலவீனமாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு நடந்தது நேர்மாறு, அந்த இடைவெளியை நாமே சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் அதற்குள் நுழைந்து குடைய ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பயன்படுத்திய படங்களின் தேதி, எந்தச் செயற்கைக்கோள், வரம்பு என்ன, ஒதுக்கிய படங்கள் எவை, ஏன் ஒதுக்கினீர்கள், களப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள், கேட்பவருக்கு அப்படியே கொடுக்கிற மாதிரி. அப்புறம் மனுவை அனுப்புவதற்கு முன், உங்கள் முடிவு பிடிக்காத ஒருவரிடம் அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்த மூலையில் வீடு கட்டியிருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. அவர் "மார்ச்சில் எடுத்த படம் எங்கே?" என்று கேட்டால் அன்றைக்கே போய் மார்ச் படத்தைத் திறந்து பாருங்கள்.